கப்பலில் வந்து மலையகம் பார்க்க எந்தத் துறைமுகம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் வருகிறவர்களும், மலேசியா, சிங்கப்பூர்ப் பக்கமிருந்து பெரிய கப்பலில் வருகிறவர்களும் இலங்கையின் தேயிலை மலைநாடான மலையகத்தில், ஹட்டன் பக்கம் இருக்கிற எங்களிடம் கேட்கிற கேள்விகள் இவை. பாதிப் பேருக்கு மலையகத்தில் ஏதோ ஓர் உறவு இருக்கிறது. அதனால் சுற்றுலாக் கேள்விகளோடு குடும்பக் கேள்விகளும் கலந்தே வருகின்றன. பதில்களும் அப்படித்தான் இருக்கும்.

இலங்கை சின்னத் தீவுதானே, எங்கே இறங்கினால் என்ன?

வரைபடத்தில் சின்னத் தீவுதான். மொத்தப் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் பாதி. ஆனால் மலையகம் தீவின் நடு வயிற்றில் இருக்கிறது. எந்தக் கரையில் இறங்கினாலும் ஏறித்தான் வர வேண்டும். நுவரெலியா ஏறக்குறைய 1,870 மீட்டர் உயரம். வளைவுப் பாதையில் ஒரு மணி நேரத்துக்கு 30 கிலோமீட்டர் ஓடினால் அது நல்ல ஓட்டம். “160 கிலோமீட்டர்தானே, மூன்று மணி நேரம்” என்று சமவெளிக் கணக்குப் போட்டு வருகிறவர்கள்தான் வழியிலேயே திரும்பிப் போகிறார்கள். கிலோமீட்டரை விடுங்கள், மணி நேரத்தைப் பாருங்கள்.

எந்தெந்தத் துறைமுகங்களில் பயணிகள் கப்பல் நிற்கிறது?

கொழும்பு, அம்பாந்தோட்டை, திருகோணமலை, காலி, காங்கேசன்துறை. பெரிய வெளிநாட்டுக் கப்பல்கள் பெரும்பாலும் கொழும்புக்கும் அம்பாந்தோட்டைக்கும் வரும், சில திருகோணமலைக்குப் போகும் (எங்கள் பேச்சில் அது திருமலை). சென்னையிலிருந்து கோர்டேலியா நிறுவனம் 2023 ஜூனில் தொடங்கிய பயணம் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டது. ஒவ்வொரு பருவத்துக்கும் வழி மாறும், ஆகவே டிக்கெட் எடுக்கும்போது துறைமுகங்களின் பெயரை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், ஒவ்வொன்றிலும் கப்பல் எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எழுதி வாங்குங்கள்.

கரையில் உண்மையில் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கப்பல் காலை 7 மணிக்கு வந்து மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது என்றால் 12 மணி நேரம் இருக்கிறது என்று நினைப்போம். அப்படியில்லை. அனுமதி கிடைத்து, வரிசையில் நின்று, வேனில் ஏற 8 ஆகிவிடும். கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எல்லோரும் ஏறிவிட வேண்டும் என்பார்கள், ஆக மாலை 6. மலைப்பாதையில் ஒரு லொறி குறுக்கே நின்றால் போதும், அரை மணி நேரம் போய்விடும். அதற்காக ஒன்றரை மணி நேரம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சுவது எட்டரை மணி நேரம்.

இந்த எட்டரை மணியிலிருந்து போக வர ஓட்டத்தைக் கழியுங்கள். அம்பாந்தோட்டையிலிருந்து எல்லவுக்குப் போக மூன்று, வர மூன்று. மலையில் இரண்டரை மணி நேரம் கிடைக்கும். கொழும்பிலிருந்து கண்டிக்குப் போக மூன்றரை, வர மூன்றரை, ஒன்றரை மணி நேரம் மிச்சம். திருமலையிலிருந்து மாத்தளைக்கு ஏறக்குறைய நான்கும் நான்கும், கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டு ஓடி வர வேண்டியதுதான். கப்பல் எட்டு மணி நேரம் மட்டும் நிற்கிறது என்றால் எந்தத் துறைமுகத்திலிருந்தும் மலைக்குக் கிளம்பாதீர்கள்.

அப்படியானால் ஒரே நாளில் மலையைப் பார்க்க அம்பாந்தோட்டைதானா?

எங்களைக் கேட்டால் ஆமாம். சொன்னால் பலர் நம்புவதில்லை. அம்பாந்தோட்டை என்றால் வெயில், உப்பளம், முட்புதர். பெயரில் மலை வாசனையே கிடையாது. துறைமுகமும் 2010 இல் திறந்தது, பெரும்பாலும் வாகனங்கள் ஏற்றி இறக்குகிற இடம், பக்கத்தில் நடந்து பார்க்க எதுவும் இல்லை. ஆனால் அங்கிருந்து வடக்கே தணமல்வில வழியாக வெல்லவாய வரை பாதை சமதரை, நேர் ஓட்டம். அதற்கப்புறம்தான் ஏற்றம். வெல்லவாயவிலிருந்து எல்ல 28 கிலோமீட்டர், வழியிலேயே இராவணா எல்ல நீர்வீழ்ச்சி. மொத்தம் 110 கிலோமீட்டர் அளவில் தேயிலைக்கு வந்துவிடலாம். கொழும்பிலிருந்து வருகிறவர் அந்த நேரத்துக்குக் கடுகண்ணாவை ஏற்றத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பார்.

எல்லவில் சனக்கூட்டம் பிடிக்காதவர்கள் வெல்லவாயவிலிருந்து இடப்பக்கம் திரும்பி கொஸ்லந்தை, பெரகலை வழியாக அப்புத்தளை ஏறலாம். 220 மீட்டர் உயரத் தியலும நீர்வீழ்ச்சி பாதையோரமே தெரியும். அப்புத்தளையில் நின்றால் தெற்கே சமவெளி முழுக்க விரிந்து கிடக்கும், வானம் துப்புரவாக இருந்தால் நீங்கள் வந்த கடற்கரைப் பக்கம் வரை பார்க்கலாம். எனக்கு எல்லவைவிட அப்புத்தளைதான் பிடிக்கும். தோட்டத்துச் சனங்கள் வேலை செய்து வாழ்கிற ஊராக இன்னும் இருக்கிறது.

மூன்று எச்சரிக்கை. துறைமுக வாசலில் வாடகை வண்டி வரிசையாக நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், வேனை முன்கூட்டியே பேசிவிடுங்கள். வெல்லவாய இறக்கம் செங்குத்து, மலைப்பாதை ஓடிப் பழகிய டிரைவர் வேண்டும். தணமல்வில பக்கம் மாலை மங்கினால் யானை பாதைக்கு வரும், அதற்கு முன்னால் கடந்துவிடுவது நல்லது.

கப்பல் அவ்வளவு நேரம் நிற்காது. அம்பாந்தோட்டையில் வேறு என்ன செய்யலாம்?

கதிர்காமம் போங்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர ஓட்டம். மலையகத்துச் சனங்கள் ஆண்டுதோறும் ஆடிவேலுக்கு வேன் பிடித்துப் போகிற இடம் அதுதான். மாணிக்க கங்கையில் கால் நனைத்துவிட்டு முருகனைக் கும்பிட்டு வரலாம். மலையில் பாதி தூரம் ஏறித் திரும்புவதைவிட இது நிறைவாக இருக்கும்.

கொழும்பில் இறங்கினால் மலையகம் பார்க்கவே முடியாதா?

முடியும், எந்த மலையகம் என்பதைப் பொறுத்தது. கண்டி வரை 115 கிலோமீட்டர்தான், ஆனால் அதிவேகப் பாதை இன்னும் கண்டிக்குப் போய்ச் சேரவில்லை. நெரிசலில் சிக்கினால் நான்கு மணி நேரமும் ஆகும். கப்பல்காரர்கள் நடத்துகிற கண்டிச் சுற்றுலாவில் பின்னவலை யானை, தலதா மாளிகை, பேராதனைப் பூங்கா மூன்றையும் திணித்திருப்பார்கள். மூன்றில் ஒன்றை விட்டுவிட்டு ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குப் போனால், கண்டி நகரத்துக்குப் பக்கத்திலேயே தேயிலை மலையையும் பழைய ஆலை இயந்திரங்களையும் பார்த்துவிடலாம்.

யாரும் கேட்காத வழி ஒன்று இருக்கிறது. அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டை, கித்துல்கல பக்கம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ரப்பரும் தேயிலையும் கலந்த தோட்டங்கள், தமிழ்ச் சனங்கள், அவர்கள் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயங்கள், சின்னச் சின்ன மாரியம்மன் கோயில்கள், களனி கங்கை. குளிர் இருக்காது, மேகம் இருக்காது, படத்தில் பார்த்த பச்சை விரிப்பும் இருக்காது. மலையகத் தமிழர் வாழ்க்கையைக் கொஞ்சமாவது பார்க்க வேண்டும் என்கிறவர்களுக்குக் கொழும்புத் துறைமுகத்திலிருந்து இதுதான் கிட்ட.

கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே கோட்டை ரயில் நிலையம் இருக்கிறதே, மலை ரயிலில் போகலாமா?

ஒரே நாளில் வேண்டாம். கோட்டையிலிருந்து பதுளை வரை 290 கிலோமீட்டர், பத்து மணி நேரம். ஹட்டனுக்கே ஐந்து மணி நேரத்துக்கு மேல். நீங்கள் நானுஓயாவில் இறங்குகிற நேரத்துக்குக் கப்பல் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும். கண்டி வரை போய்த் திரும்பலாம், ஆனால் தாமதமானால் கேட்க ஆளில்லை.

ரயில்தான் ஆசை என்றால் அதற்கும் அம்பாந்தோட்டை வழியே உதவும். வேனில் எல்லவுக்கு வந்து, அங்கிருந்து தெமோதரை வரையோ பண்டாரவளை வரையோ ரயிலில் ஏறி, வேனை அங்கே வரச் சொல்லுங்கள். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில்தான் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. மண்சரிவுக்குப் பிறகு பாதை மாதக்கணக்கில் மூடிக் கிடக்கிற காலங்கள் உண்டு, கிளம்புவதற்கு முன் ரயில் ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நுவரெலியா?

எந்தத் துறைமுகத்திலிருந்தும் ஒரே நாளில் போய்த் திரும்ப முடியாது. கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாகவோ றம்பொடை வழியாகவோ ஐந்து மணி நேரம். அம்பாந்தோட்டையிலிருந்தும் ஐந்து. “எங்களால் முடியும்” என்று சொல்கிற வேன்காரர் இருப்பார். வேனை அவர் பறக்க விடப்போகிறார் என்றுதான் அதற்கு அர்த்தம். சீதா எலிய கோயில், றம்பொடை அனுமார் கோயில் இரண்டுக்கும் இதே பதில்தான்.

சிவனொளிபாதமலை பற்றியும் கேட்கிறார்கள். டிசம்பர் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் பௌர்ணமி வரை பருவம், நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறுவது வழக்கம். கப்பல் பயணிக்கு ஒத்து வராது.

திருகோணமலையில் நிற்கிற கப்பலில் வருகிறோம்.

திருமலையில் இறங்கினால் கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீர் ஊற்றையும் பாருங்கள். கொஞ்சம் தூரம் போக வேண்டும் என்றால் சிகிரியா. கண்டி 180 கிலோமீட்டர், அதை மறந்துவிடலாம்.

மாத்தளை மட்டும் யோசிக்கத்தக்கது, அதுவும் கப்பல் இரவு தங்கினால். தேயிலைக்கு முந்தைய கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள் மலையில் கால் வைத்த முதல் ஊர் அது. அங்குள்ள முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத் தேர் மலையகம் முழுவதும் பேர் பெற்றது.

தலைமன்னாரில் கப்பல் நிற்காதா? எங்கள் தாத்தா அங்கிருந்துதான் ஏறினாராம்.

இப்போது இல்லை. 1914 இலிருந்து தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடியது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபிறகு இராமேஸ்வரத்துக்கு ஓடியது. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியா போன குடும்பங்கள் மலையகத்திலிருந்து ரயிலில் தலைமன்னார் வந்து ‘ராமானுஜம்’ கப்பலில் ஏறியது இந்த வழியில்தான். போர்க் காலத்தில் நின்றது நின்றதுதான். ரயில் மட்டும் 2015 இல் மறுபடி தலைமன்னார் வரை வந்திருக்கிறது.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் பரவாயில்லையா?

அது சொகுசுக் கப்பல் இல்லை, பயணிகள் படகுச் சேவை. 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கியது. நான்கு மணி நேரத்தில் கடலைக் கடந்துவிடலாம். இதில் உள்ள வசதி, அன்றே திரும்பி ஓடிப்போய்க் கப்பலில் ஏற வேண்டியதில்லை என்பதுதான். யாழ்ப்பாணத்தில் ஒருநாள் தங்கி, கண்டிக்கு இரவு பஸ் பிடித்து வந்து, மலையில் வேண்டிய நாள் இருந்துவிட்டுப் போகலாம். உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நாங்கள் இதையே சொல்கிறோம். வானிலையைப் பொறுத்துச் சேவையை நிறுத்துவார்கள், திரும்பும் நாளுக்குப் பின்னால் ஓரிரு நாள் இடைவெளி விட்டு லீவு போடுங்கள்.

சொகுசுக் கப்பலில் காங்கேசன்துறை வருகிறவர்கள் மலைப்பக்கம் நினைக்க வேண்டாம். நல்லூர், கீரிமலை, நேரமிருந்தால் நயினாதீவு.

தாத்தா வேலை செய்த தோட்டத்தைப் பார்க்க வேண்டும். எங்கே இறங்குவது?

முதலில் தோட்டம் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். பதுளை, பசறை, பண்டாரவளை, அப்புத்தளை, அல்துமுல்லை, கொஸ்லந்தை என்றால் அம்பாந்தோட்டை. தெனியாய, அக்குரஸ்ஸ பக்கத் தோட்டம் என்றால் காலி. அங்கே கப்பல் தள்ளி நங்கூரமிட்டுச் சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுவருவார்கள், கடல் கொந்தளித்தால் இறக்கவே மாட்டார்கள். தெரணியகலை, யட்டியாந்தோட்டை, கேகாலைப் பக்கம் என்றால் கொழும்பு, சிரமமில்லை. கலஹா, கம்பளை, நாவலப்பிட்டி, புசல்லாவை என்றாலும் கொழும்புதான், ஆனால் நாள் முழுவதும் நிற்கிற கப்பலாக இருந்தாலும் இழுபறி. மாத்தளை, ரத்தோட்டை என்றால் திருமலை. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை, இராகலை என்றால் ஒரே நாளில் இயலாது, விமானத்தில் வாருங்கள்.

தோட்டத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. தோட்டங்களுக்குப் பதிவிலே ஒரு பெயர், சனங்கள் வாயில் ஒரு பெயர். ஒரே பெயரில் இரண்டு மூன்று தோட்டங்களும் இருக்கும். பாட்டி சொல்கிற தமிழ்ப் பெயர், டிவிசன் (தோட்டத்தின் உட்பிரிவு), கடிதம் வந்த தபால் கந்தோர் ஊர், ஆட்களை மேற்பார்த்த கங்காணியின் பெயர் எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தாயகம் திரும்பியபோது கொடுத்த பழைய கடவுச்சீட்டிலும் குடும்ப அட்டையிலும் தோட்டத்தின் பெயர் இருக்கலாம். 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் இன்னும் எத்தனையோ வீட்டுப் பெட்டியில் அந்தக் காகிதங்கள் கிடக்கின்றன.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுக்குப் போய், 1992 இல் கம்பனிகளுக்குக் கைமாறின. சில டிவிசன்கள் காடாகிவிட்டன. ஆபீசில் பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவு) கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். நேரே கோயிலுக்குப் போய், அங்கே உட்கார்ந்திருக்கிற வயசானவரிடம் குடும்பப் பெயரையும் கங்காணி பெயரையும் சொன்னால் ஆபீசைவிட வேகமாக வேலை நடக்கும். ஆலைக்குள்ளோ பங்களாப் பக்கமோ போக மட்டும் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். லயத்து வாசலில் கேட்காமல் படம் எடுக்காதீர்கள், அது வீடு.

கொழும்பில் இறங்கி, மலை வழியே வந்து, அம்பாந்தோட்டையில் அதே கப்பலில் ஏறலாமா?

இது நடந்தால் அதைவிட நல்ல திட்டம் இல்லை. கொழும்பிலிருந்து ஹட்டன் வழியாக நுவரெலியா, அங்கே ஓர் இரவு, மறுநாள் பண்டாரவளை, எல்ல வழியே இறங்கி அம்பாந்தோட்டை. ஒரு தடவைகூட வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை. ஆனால் கப்பல் மறுநாள் மாலை வரைக்கும் இரண்டாம் துறைமுகத்தில் நிற்க வேண்டும். கப்பல் கம்பனி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், குடிவரவு விசயத்தையும் அவர்களிடமே தெளிவாகக் கேட்க வேண்டும். முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள். கப்பலில் ஏறிய பிறகு வரவேற்பு மேசையில் கேட்டால் சிரித்துக்கொண்டே முடியாது என்பார்கள்.

எந்த மாதம் எந்தத் துறைமுகம்?

மழைதான் இதைத் தீர்மானிக்கும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. ஹட்டன், வட்டவளை, நாவலப்பிட்டி பக்கம் கொட்டும், மூடுபனியில் எதிர் மலை தெரியாது. அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் ஊவாவில், அதாவது பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை பக்கம், வெயில். ஜூலை முதல் செப்டெம்பர் வரை அங்கே வீசுகிற உலர்ந்த காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்த மணம் ஏறுகிறது. ஜூன், ஜூலையில் சென்னைக் கப்பலில் வருகிறவர்களுக்கு அம்பாந்தோட்டை நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

நவம்பர், டிசம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை பதுளைப் பக்கம் அடிக்கும். 2014 ஒக்டோபர் கடைசியில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது இந்தப் பக்கம்தான். மழை வலுத்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கை விடும், சிவப்பு எச்சரிக்கை என்றால் பேச்சே இல்லை, கரையிலேயே இருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை இரண்டு பக்கமும் ஓரளவு நன்றாக இருக்கும். ஏப்ரல் புத்தாண்டை ஒட்டி நுவரெலியாவில் ‘சீசன்’, கொழும்பே மேலே ஏறி வந்துவிடும், பாதையெல்லாம் நெரிசல்.

கப்பல் நடத்துகிற சுற்றுலாவா, நாமே வேன் பிடிப்பதா?

கப்பல் சுற்றுலா விலை அதிகம், நின்று பார்க்க விட மாட்டார்கள். ஆனால் அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். உங்கள் வேன் தாமதமானால் காத்திருக்காது. கண்டிக்குக் கப்பல் சுற்றுலாவே மேல். எல்ல, அப்புத்தளை, தோட்டம் தேடுவது என்றால் வேன்தான் வழி. குடும்பமாகச் சேர்ந்தால் செலவும் குறையும்.

இன்னொன்று. கப்பல் கடிகாரம் சில நேரம் இலங்கை நேரமாக இருக்காது. மாலைதீவிலிருந்தோ தாய்லாந்துப் பக்கமிருந்தோ வருகிற கப்பலில் இறங்குவதற்கு முன் கட்டாயம் கேளுங்கள். கைத்தொலைபேசி தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும், கப்பல் மாற்றாது. இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்கு இரண்டு நாட்டு நேரமும் ஒன்றுதான்.

வயசானவர்கள், பிள்ளைகள் வருகிறார்கள். என்ன எடுத்து வர வேண்டும்?

வளைவுப் பாதையில் வாந்தி வரும், மாத்திரையும் பையும் எடுங்கள். ஒரு சுவெட்டர் போதும். கடவுச்சீட்டைக் கப்பலில் வாங்கி வைத்திருந்தால் பிரதி கையில் இருக்கட்டும்.

எந்தக் கிழமை வந்தால் கொழுந்து பறிப்பதைப் பார்க்கலாம்?

ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மலையில் ஆள் இருக்காது, டவுனில்தான் இருப்பார்கள். போயா என்கிற பௌர்ணமி விடுமுறை நாளில் மதுக்கடை பூட்டு, கோயில், விகாரைப் பக்கம் கூட்டம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் தோட்டத்தில் வேலை கிடையாது, ஆனால் உறவினர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதுதான் நல்ல நாள். மற்ற நாட்களில் காலை வேளையில் மலைக்கு வந்துவிட்டால் பாதையோரத்திலேயே பார்க்கலாம். பகல் நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்துகொண்டு இறங்குகிற நேரத்தில் அவர்களை நிறுத்திப் படம் எடுக்கக் கேட்காதீர்கள். தராசுக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்.